ஊசி முனை கேட்டு வந்தவர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி முதலாளி கேட்டார். நாலு வார்த்தையோடு நான் எப்போது நிறுத்தியிருக்கிறேன்? லஸ் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்தக் கருவிக் கடையின் கவுண்டரில் தலை நரைக்கும்வரை நின்றவள் நான். மெஹர் அக்கா என்று சொன்னால் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். பாதிப் பேர் பிரியமாகச் சொல்வார்கள், மீதிப் பேர் கொஞ்சம் பயந்துகொண்டு சொல்வார்கள். இப்போது ராயப்பேட்டை வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறேன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன்.

எந்தச் சாமான் எந்த அலமாரி, எதற்கு என்ன விலை, இதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆள் வந்து நின்று, ஈயத்தை உருக்கி ஒட்டவைக்க "ஒரு சால்டரிங் அயர்ன் குடுங்க" என்று கேட்ட பிறகு, நீங்கள் பெட்டியை எடுக்கக் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அது கம்ப்யூட்டரில் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் வாட் கேட்பார்கள். எத்தனை வாட், எத்தனை வாட் என்று பல்பு வாங்க வந்தவர்கள் மாதிரி உயிரை எடுப்பார்கள். போனை நீட்டி, "ஆன்லைன்ல இதுக்கு இத்தினி ஸ்டார் கீது" என்பார்கள். கோபப்படாதீர்கள். நான் கோபப்பட்டிருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்களுக்கு எதைக் கேட்பது என்று தெரியாததால் எண்ணைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். "என்ன வேலை செய்யப் போறீங்க?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் வாட்டை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது ஊசி முனை. பொடிப் பொடிச் சாமான்களை வைத்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். அடையாறிலிருந்து ஒரு காலேஜ் பெண் வருவாள், குட்டி விளக்கு வைத்துக் கம்மல் செய்கிறவள். இருப்பதிலேயே கூரான முனையை வாங்கிப் போனாள், இரண்டாம் நாளே திரும்பி வந்தாள். "அக்கா, இது சுடவே மாட்டேங்குது. சூட்டை மேல மேல ஏத்தினேன், போர்டுல இருக்கிற செம்பெல்லாம் உரிஞ்சுபோச்சு" என்றாள். உரியாமல் என்ன செய்யும்? ஊசியில் எவ்வளவு சூடு நிற்கும்? பொட்டு மாதிரி ஓர் இடத்தில் தொட்டுக்கொண்டு ஈயம் உருகுமா உருகுமா என்று காத்திருக்கிறாள், அதற்குள் போர்டு வெந்துவிடுகிறது. கொஞ்சம் தட்டையான முனையைப் போட்டுக் கொடுத்தேன். தொட்டாள், உருகியது, எடுத்தாள். நான் ஏதோ கண்கட்டு வித்தை காட்டியதுபோல் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு நஷ்டம் ஒரு ஜோடிக் கம்மல்தான். எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. அதனால்தான் சேஷாத்ரி மாமாவைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நம் கடையின் வழக்கம் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கவுண்டர் ஓரத்தில் பழைய போர்டும் சூடான அயர்னும் இருக்கும். அயர்ன் வாங்க வருகிறவர் யாரானாலும் ஈயம் வைத்து ஒரு ஜாயிண்ட் போட்டுக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் நாம் சாமானை எடுப்போம். இது முதலாளி ஏற்படுத்திய வழக்கம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். செருப்புக்கடையில் காலைப் பார்க்காமல் செருப்பு கொடுப்பார்களா என்று கேட்பார். போட்ட ஜாயிண்ட் எப்படி இருக்கிறது என்பது எங்களுக்கு முக்கியமில்லை. எங்கே பிடிக்கிறார், எவ்வளவு அழுத்துகிறார், கை எதன்மேல் ஊன்றுகிறது, இதைத்தான் பார்ப்போம்.

சேஷாத்ரி மாமா அபிராமபுரத்துக்காரர். கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். முறைப்படி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிடுவார்கள். பாலவாக்கத்தில் ஒரு சிநேகிதர், மற்றவர்கள் வெளியூர். பேசுகிற ரேடியோவை மாமா தானே செய்திருந்தார். மனைவி போன பிறகு அவருக்கு இருந்த பேச்சுத் துணை பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

ஒரு நாள் காலை. முதலாளி சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"நான் சேஷாத்ரியோட பொண்ணு வைதேகி பேசறேன். அப்பா இன்னிக்கோ நாளைக்கோ உங்க கடைக்கு வருவார், அயர்ன் கேப்பார். தயவுபண்ணி ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடுங்கோ."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அவருக்குக் கை நடுங்கறது. டாக்டர்ட்ட காட்டிண்டுதான் இருக்கோம். போன வாரம் முழங்கைக்குக் கீழ நன்னா சுட்டுண்டுட்டார். எங்கிட்ட சொல்லவே இல்லை, முழுக்கைச் சட்டை போட்டுண்டு மறைச்சுட்டார். பழைய அயர்னை நான் தூக்கிப் போட்டுட்டேன். ஆத்துல நாங்க ரெண்டு பேர்தான். நான் மாடியில ஆபீஸ் கால்ல இருக்கச்சே கீழ ஏதாவது ஆனாக்கூட எனக்குத் தெரியாது."

அவள் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அவள்மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

"ஸ்டாக் இல்லேன்னு பொய் சொல்ல எனக்கு வராதும்மா. அவர் கண்ணுக்கு நேரா அலமாரி நிறைய இருக்கு. ஆனா அவர் கையைப் பாக்காம எதையும் குடுக்க மாட்டேன். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"அது போதும்" என்று வைத்துவிட்டாள். கையைப் பார்த்தால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பாள்.

மத்தியானம் மாமா வந்தார். கடையில் நல்ல கூட்டம். இன்ஜினியரிங் பசங்கள் ஏழெட்டுப் பேர் பிராஜெக்ட் சாமான் வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, பொத்தான் மணிக்கட்டு வரைக்கும் போட்டிருந்தது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"மெஹர், சௌக்கியமா? ஒரு அயர்ன் வேணும். ஊசி முனை வச்சது. இருக்கறதுலேயே மெல்லிசா."

"என்ன வேலை மாமா?"

"செட் பேச மாட்டேங்கறது. உள்ள ஒரு ட்ரான்சிஸ்டர் போயிடுத்து. நொய்யரிசி சைஸ்தான் இருக்கும், அதை மாத்தணும். நாலு நாளா நான் இல்லாம பேசிண்டிருக்கா எல்லாரும்."

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தார். முடியவில்லை.

பின்னால் சர்வீஸ் மேஜையில் கஜா இருந்தான். ஆதம்பாக்கத்துப் பையன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கும் வயதாகிவிட்டது. காது மட்டும் எப்போதும் கவுண்டரில்தான் இருக்கும். அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"நைனா, அந்தப் பொட்டிய இங்க எட்தாந்து குடு. ரெண்டு நிமிசத்துல போட்டுக் குட்த்துர்றேன். இன்னாத்துக்கு நீ கஷ்டப்பட்டுக்கினு கீற?"

"வேண்டாம்ப்பா. பேசறச்சே என்ன செட்டுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறது எங்க வழக்கம். நானே பண்ணினதுன்னு சொல்லிண்டு வரேன். நீ பண்ணினா உன் பேரையும் சேத்துச் சொல்லணும். அதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா அப்பறம் அது என் செட் இல்லை."

கஜா குனிந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

நான் கவுண்டர் ஓரத்தைக் காட்டி, "சரி மாமா, ஒரு ஜாயிண்ட் போடுங்க" என்றேன்.

அவர் போர்டைப் பார்த்தார். பின்னால் நின்ற பசங்களைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்த கை வெளியே வரவில்லை.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? நான் என்ன இன்னிக்கா புதுசா வரேன்? கேட்டதைக் குடு."

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். காதோடு காதாக, "பெரிய மனுசரைப் போட்டு எதுக்குச் சங்கடப்படுத்துதீங்க? கேக்கதைக் குடுத்து அனுப்புங்க" என்றார். வழக்கத்தை ஏற்படுத்தியவரே அதை விட்டுவிடச் சொல்கிறார். கெட்ட மனதோடு சொல்லவில்லை, மரியாதைக்காகத்தான் சொன்னார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மகள் சொன்னபடி இல்லை என்று அனுப்பிவிடலாம். அவர் நேரே இன்னொரு கடைக்குப் போவார், அல்லது வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. முதலாளி சொன்னபடி கேட்டதைக் கொடுத்துவிடலாம். அதுதான் சுலபம், யார் மனமும் நோகாது. ஆனால் அவர் கேட்டது என்ன? நீளமான கைப்பிடியும் ஊசி முனையும். கை நடுங்குகிறவருக்கு அதைவிட மோசமான அயர்ன் நம் கடையில் கிடையாது.

அவர் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. குறி தவறுகிறது, முனை இன்னும் கூராக இருந்தால் சரியாகப் படும் என்று நினைத்தார். நடப்பது நேர் எதிர். பிடிக்கிற இடத்துக்கும் முனைக்கும் தூரம் கூடக் கூட விரலின் சின்ன ஆட்டம் முனையில் பெரிய ஆட்டமாகிவிடும். ஊசி முனையோ ஒரே புள்ளியில் அசையாமல் நின்றால்தான் வேலை செய்யும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் எப்படி அசையாமல் நிற்பார்? போர்டை வேகவைப்பார், மறுபடியும் சுட்டுக்கொள்வார். மகள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், அதோடு ரேடியோவும் நின்றுவிடும்.

"மாமா, இங்க வெளிச்சம் போதல. உள்ள கஜா மேஜைக்கு வாங்க" என்றேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல வராது என்று காலையில் போனில் பெருமை பேசியவள்தான் நான்.

தடுப்புக்குப் பின்னால் போனதும் கை வெளியே வந்தது. ஒரு காலத்தில் முடி அளவுக்கு மெல்லிய கோடு போட்ட கை அது. அவரே அதை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கஜா ஐயோ பாவம் என்றெல்லாம் முகம் காட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "குந்து நைனா. கை முட்டிய மேஜ மேல நல்லா வை. ஆங். சுண்டு வெரல போர்டு மேல ஊனிக்கோ" என்றான்.

உட்கார்ந்து முழங்கையை ஊன்றியதும் ஆட்டம் பாதியாகிவிட்டது. நடுக்கம் உள்ள எல்லாருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டர் இல்லை. அவருக்கு அப்படி ஆனது. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்கிற கூச்சம் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் யாராவது நின்றுகொண்டு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டா ஈயம் வைக்கிறார்கள்? கவுண்டரில் நாம் அப்படித்தான் எல்லாரையும் நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலமாரியிலிருந்து ஓர் அயர்னை எடுத்து வந்தேன். குட்டையானது, பேனா பிடிப்பதுபோல் முனைக்குப் பக்கத்திலேயே பிடிக்கலாம். ஒயர் துணிக்கயிறு மாதிரி தொய்வாக இருக்கும். அதில் ஊசியைப் போடாமல் சாய்த்து வெட்டிய அகலமான முனையைப் போட்டேன்.

"இவ்ளோ பெரிசா? நான் கேட்டது ஊசின்னா!"

"ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா ஊசியே தரேன்."

கஜா பழைய போர்டு ஒன்றில் பிளக்ஸைத் தடவி, கம்பிக் கால்கள் வைத்த சின்னச் சில்லு ஒன்றை அதன்மேல் வைத்தான். பிளக்ஸ் என்பது ஈயம் சரியான இடத்தில் ஓடுவதற்காகத் தடவும் பசை. அது சில்லையும் நகராமல் பிடித்துக்கொள்ளும். மாமா மூச்சை அடக்கிக்கொண்டு முனையை வைத்தார். கை ஒரு பக்கம் இழுத்தது. ஈயம் வழிந்து பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டார். "பாத்தியா? அவ சொல்றது சரிதான்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "வைதேகி உனக்குப் போன் பண்ணினாளா?" என்று கேட்டார்.

"பண்ணினாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உங்க கையைப் பாக்காம குடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

"இப்பப் பாத்துட்டயே."

"இன்னும் பாத்து முடிக்கல மாமா" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அடுத்த தடவையும் இப்படியே ஆனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து வைதேகி உள்ளே வந்தாள். வீட்டில் அப்பா இல்லை, போன் மேஜைமேல் கிடக்கிறது என்றதும் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறாள். அப்பாவுக்கு எதிரில் புகைகிற அயர்னைப் பார்த்தாள்.

"கையைப் பாக்கறேன்னு சொன்னேளே! பாத்தப்பறமும் அயர்னைக் குடுத்து உக்கார வச்சிருக்கேளே!" என்று என்னைக் கேட்டாள். அதே வேகத்தில் அயர்னைப் பிடுங்கக் கையை நீட்டினாள். எங்கே பிடிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சுடும்மா. நீ திட்டறது நியாயம்தான், அப்பறமா உக்காந்து திட்டு. உங்கப்பா போதும்னு சொன்னா இப்பவே நானே அணைச்சுடறேன்." அவரிடம் திரும்பி, "மாமா, அணைச்சுடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் ஸ்டாண்டில் இருந்த அயர்னைப் பார்த்தார். அவரைப் பற்றி மகள் என்னிடம் பேசியிருந்தாள், முதலாளி என் காதில் பேசியிருந்தார், நானும் மனதுக்குள் ஆயிரம் பேசியிருந்தேன். அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

கஜா பிளக்ஸ் டப்பாவை அவர் பக்கம் தள்ளினான். "முனைய ஈர ஸ்பாஞ்சுல தொட்ச்சிக்கோ நைனா. மேல கொஞ்சம் பிளக்ஸ் வை. இப்ப கால் மேல வச்சி ஒன் பக்கமா மெதுவா இஸ்துக்கோ. கை ஆடுனா ஆடட்டும், அத்தப் பாக்காத."

மாமா இழுத்தார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அகலமான முனை கால்களின் மேலேயே போனது. கொஞ்சம் அப்படி இப்படி நகர்ந்தாலும் ஏதோ ஒரு பக்கம் தொட்டுக்கொண்டே இருந்தது. அதிகமாக இருந்த ஈயம் முனையோடு வந்துவிட்டது. கால்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒட்டு பிடித்திருக்கிறதா என்று கஜா மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாம் கரீட்டா கீது" என்றான்.

வைதேகி போர்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையைத்தான் பார்த்தாள். "நடுங்கிண்டேதானே இருக்கு?" என்றாள்.

"நடுங்கத்தான் செய்யும். அதுக்கு இடம் குடுக்கிற முனை இது" என்றேன்.

"அப்போ அந்தச் சூடு?"

மாமா சட்டைக் கையை மெதுவாக மேலே ஏற்றினார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "அது ஈயம் வைக்கறச்சே பட்டதில்லைடி. அந்தப் பழைய அயர்ன் ஒயர் கம்பியாட்டம் விறைச்சுண்டு நிக்கும். ஸ்டாண்டோட சேத்து இழுத்துண்டு கீழ விழுந்துது. விழறதேன்னு பிடிக்கப் போனேன்."

கஜா சிரித்தேவிட்டான். சட்டைக் கையை ஏற்றித் தன் உள்ளங்கையையும் முன்கையையும் நீட்டினான். "எனக்கும் கீது பாரும்மா. இது ஒரு தபா, இது இன்னொரு தபா. வுயிற அயர்னப் புடிக்கப் போவாதவன் இந்தத் தொழில்ல எவன் கீறான்?" என்றான். நானும் என் கட்டைவிரல் ஓரத்தைக் காட்டினேன். தட்டு விழுந்தால் பிடிக்கிற கை அயர்ன் விழுந்தாலும் பிடிக்கத்தான் போகும், அதற்கு யோசிக்க நேரம் ஏது? கை நடுங்குகிறவர்கள் மட்டும் செய்கிற தப்பு இல்லை அது.

வைதேகி எங்கள் மூன்று பேர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒரு வாரமாக நடுக்கத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். சுட்டதற்குக் காரணம் விறைத்த ஒயரும் காற்றுக்கே சாய்கிற ஸ்டாண்டும்.

கனமான இரும்பு ஸ்டாண்டை எடுத்து வைத்து, புது அயர்னின் ஒயரை அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்தாள். ஸ்டாண்டு அசையவில்லை. ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அயர்ன் தானே சூட்டைக் குறைத்துக்கொள்வதையும் காட்டினேன். "அப்பவும் விழுந்தா?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

"வுயிந்தா வுட்ரு நைனா, புடிக்காத" என்று சொல்லி, கஜா சூடில்லாத ஒரு பழைய அயர்னை மேஜை விளிம்பில் வைத்துத் தட்டிவிட்டான். மாமாவின் கை சட்டென்று போய்ப் பிடித்துவிட்டது. "போச்சு, வெந்துச்சு" என்றான் கஜா. மறுபடி தட்டிவிட்டான், மறுபடியும் பிடித்தார். "இன்னா நைனா நீ, கிரிக்கெட்டா ஆடுற?" என்றான். வைதேகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மாமாவும் சிரித்தார். இத்தனை அமளிக்கும் முதலாளி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன விழுது, என்ன விழுது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாகக் கடைசியில் அயர்ன் விழுந்தபோது மாமா இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"நான் ஆபீஸ் கால்ல இருக்கச்சே மட்டும் வேண்டாம்ப்பா" என்றாள் வைதேகி.

"உன் கால் எப்பத்தான் முடியறது?" என்றார் அவர். அயர்னை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து வைதேகி போன் செய்தாள். காலையில் கீழே ரேடியோவில் பேச்சுக் குரல் கேட்டது என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் வந்துபோன மறுநாளே முதலாளி கவுண்டர் ஓரத்துக்கு ஒரு ஸ்டூலும் மறைப்புப் பலகையும் கொண்டுவந்து போட்டார். "நிக்கவச்சுச் சோதிச்சது நம்ம தப்புல்லா" என்றார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்தது அதுதான், சரி என்று பட்டால் மறுபேச்சு இருக்காது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது, கேட்டதைக் கொடுக்காதீர்கள் என்பதல்ல. அப்படி எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் கடையை மூடிவிடலாம். ஒருவர் ஊசி முனை கேட்டால், அவருக்கு எது கைகூடவில்லை என்பதை அவர் உங்களிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கூட வந்தவர்களும் போனில் பேசுகிறவர்களும் ஆயிரம் சொல்வார்கள், அவர்களும் பிரியத்தில்தான் சொல்வார்கள். ஆனால் அயர்னைப் பிடிக்கப் போகிறவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாமா அதற்குப் பிறகு அந்த அயர்னை நிறைய நாள் வைத்திருந்தார். ரேடியோவுக்குச் சின்னச் சின்னதாக ஏதாவது செய்துகொண்டே இருந்தார், கடைக்கு வந்து என்னிடம் பீற்றிக்கொள்வார். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாயங்காலம் வந்தார். இப்போது இரண்டு கைகளும் நடுங்கின, நடையும் தளர்ந்திருந்தது. பையிலிருந்து அயர்னை எடுத்துக் கவுண்டரில் வைக்கவே அவருக்கு நேரமாயிற்று. நான் உதவி செய்யப் போகவில்லை.

"நிறுத்திட்டேன், மெஹர்."

"வைதேகி சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தா வீம்புக்கு இன்னும் ரெண்டு மாசம் பண்ணியிருப்பேன். முந்தாநாள் ஒரு ஜாயிண்ட் போட்டேன், சரியா வரலை. திருப்பித் திருப்பிப் போட்டேன். சரி, போதும்னு எனக்கே தோணிடுத்து. செட் நன்னா இருக்கு, பேச்சு நடந்துண்டுதான் இருக்கு. இது யாருக்காவது உபயோகப்படட்டும்."

அயர்ன் முனையின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முனை வெள்ளி மாதிரி மின்னியது. வேலை முடிந்து அணைப்பதற்கு முன்னால் முனையில் கொஞ்சம் ஈயம் பூசி வைத்தால்தான் அது கறுத்துப்போகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கும். இனிமேல் தொடப்போவதில்லை என்று முடிவு செய்த பிறகு, அந்த இரண்டு கைகளோடு உட்கார்ந்து அவர் அதைச் செய்திருக்கிறார்.

"இதை எதுக்கு மாமா பண்ணினீங்க?"

"நாளைக்கு யாராவது எடுப்பாளோன்னோ?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, போடி பைத்தியமே என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. வைதேகி அதன் பக்கத்தில் நின்றாள். கடைக்குள் வரவில்லை. நம் கடை வாசல்படி கொஞ்சம் உயரம், அவர் விளிம்பில் வந்து நின்றார். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். அவரைப் பிடிக்கத் தானாகக் கையை நீட்டவில்லை. அப்பா தன் கையை நீட்டும் வரை அப்படியே காத்திருந்தாள்.